நடந்த பங்கு

ஆலங்குடா
2017 பெப்ரவரி 12

தங்கச்சி,

நாங்கள் எல்லாரும் சுகம் என்று எழுதினால் அது பொய். உன் மடத்துக்குப் பொய்க் கடிதம் அனுப்ப எனக்கு மனமில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கொழும்பு கிளினிக்கில் எல்லாம் பொருந்திவிட்டது. இரத்தம் சரி, மற்றச் சோதனைகளும் சரி. என்னுடைய கிட்னி இரண்டும் நல்லாய் இருக்கிறதாம், ஒன்றைத் தம்பி நிலுக்சனுக்குக் கொடுக்கலாமாம். நான் சந்தோஷப்பட்டு வாயைத் திறக்கிறதுக்குள் டொக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த நிறையோட வெட்டேலாது. சித்திரை வருஷப்பிறப்புக் கழிய வாங்க. ஏழெட்டுக் கிலோவாவது இறக்கிக்கொண்டு வாங்க" என்றார். ஹோட்டல் குசினியில் பத்து வருஷம் ருசி பார்த்த உடம்பு. சொன்னவுடனே இறங்குமா?

தம்பியைப் பற்றி உனக்கு மறைக்க விரும்பவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு, இரத்தம் சுத்தமாக்குகிற மெஷினுக்குப் போய் வருகிறான். போய் வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறான். ஊசி ஏற்றும் கை வீங்கியிருக்கிறது. அந்த நரம்பு இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று ஆஸ்பத்திரி மிஸ்ஸிமாருக்கே தெரியாதாம். ஆகவே இந்தக் கிலோக்கள் வேகமாய்ப் போக வேண்டும்.

அதனால் விடிய எழும்பி, கடற்கரையோடு தலவில அன்னம்மாள் கோயிலுக்கு நடக்கிறேன். வரும்போது பஸ். கிழவி மாதிரி மூச்சு வாங்குகிறது, சிரிக்காதே. குளிர்காலக் காற்றுக்கு எங்கள் ஹோட்டலில் வந்து நின்ற ஒரு டச்சுக்காரி, பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் ஓடுகிற ஆள், போகும்போது தன் கை மணிக்கூட்டைக் கழற்றி எனக்குத் தந்துவிட்டுப் போனாள். நடந்து முடிய எவ்வளவு கலோரி எரிந்தது என்று அது காட்டும். கிளினிக்கில் இருக்கிற போஷாக்கு மிஸ் ஒரு நாளைக்கு இவ்வளவு சாப்பிடு என்று கணக்குத் தந்திருக்கிறா. அதோடு, நடந்து எரிக்கிறதில் பாதியைத் திருப்பிச் சாப்பிட வேண்டுமாம். "மணிக்கூடு கூட்டிச் சொல்லும், அதால முழுசும் வேணாம், பாதி. ஆனா அந்தப் பாதியைச் சாப்பிடத்தான் வேணும்" என்றா.

இப்போது சிக்கல் என்னவென்றால், ஆப்பரேஷன் விஷயம் எங்கள் வீட்டில் உன் அத்தானுக்கு மட்டும்தான் தெரியும். மாமிக்குத் தெரிந்தால் ஊரைக் கூட்டிவிடுவா. முதல் நாளே வாசலில் மறித்து, "எங்க விடியக்காலத்தால?" என்று கேட்டா. வாய் தவறி, "தம்பிக்காக ஒரு நேர்த்தி மாமி" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் ஊருக்கே தெரியும். வலை இழுக்கிற ஆட்கள் நான் வருகிறதைக் கண்டால் கயிற்றைத் தாழ்த்தி வழி விடுகிறார்கள்.

மூன்றாம் நாள் அன்னம்மாளுக்கு முன்னால் நின்றபோது வெட்கமாய் இருந்தது. கோயிலின் பெயரைச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கிறேனே. அந்த இடத்திலேயே, "தாயே, பொய்யாய்ச் சொன்னதை உண்மையாக்குகிறேன், இந்த நடையை உனக்கே தருகிறேன், தம்பியைத் தா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து போஷாக்கு மிஸ் சொன்ன அந்த நடந்த பங்கை, இரண்டு முட்டையையும் ஒரு பிடி கடலையையும், கோப்பையில் போட்டேன். கை போகவில்லை. கொடுத்ததைத் திருப்பித் தின்கிற மாதிரி இருந்தது.

நீ மடத்தில் இருக்கிறாய். உனக்குத் தெரியும். சாப்பிடலாமா, கூடாதா?

அக்கா யூஜீனியா


பண்டாரவளை
2017 பெப்ரவரி 24

அன்பு அக்கா,

உன் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். மதர் என்னைக் கூப்பிட்டு வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அக்கா, இந்தக் கேள்விக்குப் பதில் எழுத இரண்டு நாளாக யோசித்தேன். நான் இன்னும் வார்த்தைப்பாடு கொடுக்காத நவகன்னிதான், பெரிதாக ஒன்றும் படித்துவிடவில்லை. ஆனால் எனக்குத் தோன்றுவது இதுதான். மாமிக்குச் சொன்னது பொய்யாக இருக்கலாம். பீடத்துக்கு முன் நின்று சொன்னது நேர்த்தி. ஒப்புக்கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடாது. போஷாக்கு மிஸ் உடம்பைப் பற்றிச் சொல்கிறார், அவருக்கு உன் நேர்த்தி தெரியாது. அந்தப் பங்கை நீ சாப்பிடாமல் விட்டால் நிறையும் சீக்கிரம் குறையும், அண்ணாவுக்கும் ஆசீர்வாதம் கிடைக்கும். இரண்டும் ஒரே பக்கம்தானே அக்கா போகிறது?

என் இரத்தம் அண்ணாவுக்குப் பொருந்தவில்லை என்று சொன்ன நாளை நான் இன்னும் மறக்கவில்லை. நீ உடம்பைக் கொடுக்கிறாய். என்னால் ஜெபம் மட்டும்தான். நானும் இங்கே மாலைத் தேநீரை விட்டுவிடுகிறேன், உனக்குத் துணையாக.

ஒன்று சொல்ல வேண்டும். புதன்கிழமை விபூதி, அன்றைக்குத் தபசு காலம் தொடங்குகிறது. எங்கள் மடத்தில் தபசு காலம் முழுவதும் கடிதம் எழுதவும் முடியாது, வருகிற கடிதம் கைக்குக் கிடைக்கவும் மாட்டாது. மதர் எல்லாவற்றையும் வைத்திருந்து அது முடிந்து, உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா அன்று தருவார். அவசரம் என்றால் மதருக்குப் போன் எடு. ஆனால் நீ எழுது அக்கா. எழுதினால் எனக்காக அங்கே இருக்கிறது என்ற நினைவாவது இருக்கும்.

சுஜாந்தி


ஆலங்குடா
2017 மார்ச் 13

தங்கச்சி,

நீ இதை வாசிக்கப் போகிறதில்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன். பூட்டின கதவோடு கதைக்கிற மாதிரித்தான். பரவாயில்லை, கதவு குறுக்கே பேசாது.

உன் சொல்லைக் கேட்டேன். நடந்த பங்கை ஒரு நாளும் தொடவில்லை. நிறை விழுகிறது தங்கச்சி! கிளினிக்குக்குப் போகாமல் மீன் வாடித் தராசில் நின்று பார்த்தேன். தராசுக்காரர், "நேர்த்தி நல்லா வேலை செய்யுது போல" என்று சொல்லிச் சிரித்தார். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊசி குத்திக் கட்டியிருக்கிறேன். இப்படியே போனால் சித்திரை வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

பசி இருக்கிறது. பொய் சொல்லமாட்டேன். குசினியில் பாண் சுடுகிற மணம் வரும்போது கண்ணில் தண்ணீர் வருகிறது. நேற்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தின்னாமல் விட்ட ரொட்டியைக் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னோடு வேலை செய்கிற கல்பிட்டி மர்ளியாவைத் தெரியுமல்லவா, அவள் கண்டுவிட்டாள். "என்ன இது, ஒங்கட நோம்பு?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "நாங்க நோம்பு புடிச்சாலும் பொழுதுபட மஃரிபோட தொறக்குறோம். நீங்க எப்ப தொறக்குற?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கறிச்சட்டியை அடித்து வைத்தேன். அவளுக்கு என்ன தெரியும்.

தம்பிக்கு வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது, ஒரு நாளோடு விட்டது. நான் பயந்து அடுத்த நாள் போகவும் வரவும் நடந்தேன்.

அக்கா


ஆலங்குடா
2017 மார்ச் 28

சுஜாந்தி,

ஒரு விஷயம், உன்னிடம் மட்டும். எனக்கு இந்த மாதம் வரவில்லை. போன மாதமும் பேருக்குத்தான்.

நினைத்துப் பார். இத்தனை வருஷம் பிள்ளை கேட்டு இதே அன்னம்மாளிடம் அழுதேன். தரவில்லை. இப்போது தந்தால்? வயிற்றில் பிள்ளை இருந்தால் டொக்டர் என்னைத் தொடமாட்டார். தம்பிக்கு வேறு ஆள் இல்லை. மூன்று நாளாக நித்திரை இல்லை எனக்கு. பிள்ளை வேண்டாம் என்று கோயிலில் நின்று கேட்டேன் தங்கச்சி. நான், அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு வெளியே வந்து மணலில் இருந்துவிட்டேன்.

முந்தலுக்குப் போய், என்னைத் தெரியாத ஒரு பார்மசியில் சோதனைக் குச்சி வாங்கி வந்தேன். பிள்ளை இல்லை. சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. அப்படியென்றால் ஏன் வரவில்லை? தலைமயிர் சீப்போடு கட்டுக் கட்டாக வருகிறது. நிறையும் இப்போது நின்றுவிட்டது, இறங்கவில்லை. ஒரு நேரம் சாப்பிடாமல் விட்டும் பார்த்தேன், அப்படியும் அசையவில்லை. மணிக்கூடு மட்டும் எரிந்தது, எரிந்தது என்று காட்டிக்கொண்டே இருக்கிறது.

போஷாக்கு மிஸ்ஸுக்குப் போன் எடுக்கலாம். எடுத்தால் நடந்த பங்கைச் சாப்பிடுகிறாயா என்பதுதான் முதல் கேள்வியாய் வரும். என்ன சொல்ல? உன் மதருக்கு எடுக்கலாம் என்று இரண்டு தரம் நினைத்தேன். அவசரம் என்று எதைச் சொல்ல, பசிக்கிறது என்றா?

நீ சரியாகத்தான் சொல்லியிருப்பாய். சொன்னாய்தானே?

அக்கா


ஆலங்குடா
2017 ஏப்ரல் 8

சுஜாந்தி,

நான் விழுந்துவிட்டேன். கோயிலுக்குக் கிட்ட, கடற்கரையில். வலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள்தான் தூக்கிப் போயிருக்கிறார்கள். கண் முழித்தால் ஆஸ்பத்திரிக் கட்டில், கையில் சேலைன், கால்மாட்டில் மாமி.

எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஆப்பரேஷன், நேர்த்தி, சாப்பாடு, எல்லாம். உன் அத்தான்தான் சொன்னார், பயத்தில். மாமி என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "என்னட்ட ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே மகள்" என்று மட்டும் சொன்னா.

கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். சலம் கழித்துக் கொடுத்தேன், அதில் பட்டினி கிடக்கிறவர்களுக்கு வருகிற ஏதோ இருக்கிறதாம். இரத்தத்தில் கிட்னிக் கணக்கும் ஏறியிருக்கிறதாம். உடம்பு தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல் தன் சதையையே தின்றிருக்கிறது என்றார் டொக்டர். சத்தம் போட்டார். "நான் உங்களிட்ட நல்ல கிட்னி ஒண்டு கேட்டன். நீங்க அதைக் கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறீங்க" என்றார். திகதி இல்லை. முதலில் உடம்பு தேற வேண்டும், பிறகு எல்லாச் சோதனையும் திரும்ப. தேறும் என்று உறுதி சொல்லவில்லை.

தம்பி என்ன செய்தான் தெரியுமா? வியாழக்கிழமை மெஷினுக்குப் போகவில்லை. "என்னால ஒருத்தி பட்டினி கிடந்து சாகிறதுக்கு நான் ஏன் மெஷின்ல படுக்க? பட்டினி போட்ட உடம்பில இருந்து எனக்கு ஒண்டும் வேணாம்" என்று கதவைச் சாத்திவிட்டான். உன் அத்தான் அடுத்த நாள் அவனைத் தூக்காத குறையாகத்தான் கொண்டுபோனார்.

உனக்கு இது பாஸ்காவுக்குத்தான் கிடைக்கும். அது வரைக்கும் உன் தேநீரை விட்டுக்கொண்டு இரு. நீ சொல்லித்தான் செய்தேன்.

யூஜீனியா


பண்டாரவளை
2017 ஏப்ரல் 16, பாஸ்கா ஞாயிறு

அக்கா,

பூசை முடிந்து மதர் மூன்று கடிதத்தையும் ஒன்றாகத் தந்தார். தோட்டத்தில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தேன். முதலாவதை வாசித்துச் சிரித்தேன் அக்கா. அதை நினைக்க என்னையே அடிக்க வேண்டும்போல இருக்கிறது. நீ கேட்டுக்கேட்டு எழுதியிருக்கிறாய், எல்லாம் மதரின் அலுமாரியில் கிடந்திருக்கிறது. நான் இங்கே உனக்காக ஜெபித்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

மதரிடம் ஓடிப்போனேன். உடனே போன் தந்தார். மாமி எடுத்தார். நீ படுத்திருக்கிறாய் என்றார். பின்னால் உன் இருமல் கேட்டது. கதைக்க விருப்பமில்லை என்றால் விளங்குகிறது. ஆகவே எழுதுகிறேன், இதையாவது வாசி.

நான் சொன்னது பிழை. முழுப் பிழை. நடையைத்தான் நீ அன்னம்மாளுக்குக் கொடுத்தாய், சாப்பாட்டை அல்ல. அதில் சாப்பாட்டைச் சேர்த்தது நான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று காலையில் இருந்து யோசிக்கிறேன். அண்ணாவுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீ பெரிதாக ஒன்றைக் கொடுத்தால், அதில் கொஞ்சம் நான் சொல்லிக் கொடுத்ததாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன் போல. உன் பசியில் நான் பங்கு கேட்டிருக்கிறேன்.

மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கதிரையில் இருந்து எழும்பவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "உன்ர அக்கா பங்குப் பாதரிட்டப் போகட்டும். நேர்த்தியை மாற்றித் தர அவருக்கு அதிகாரம் இருக்கு. நீ இனி மற்ற ஆளுக்குத் தபசு, ஒறுத்தல் எண்டு சொல்லிக் குடுக்காத" என்றார். இனிமேல் அவசரக் கடிதத்தைத் தபசு காலத்திலும் திறப்பேன் என்று அவராகவே சொன்னார்.

பாதரிடம் போ அக்கா. என்னை மன்னிக்காவிட்டாலும் போ. அண்ணா மெஷினுக்குப் போகிறானா என்று ஒரு வரி எழுது.

சுஜாந்தி


ஆலங்குடா
2017 மே 21

தங்கச்சி,

போகிறான். முதலில் அதை எழுதிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாய் வாசி.

உன்னோடு கதைக்கக் கூடாது என்று ஒரு மாதம் வைராக்கியமாய் இருந்தேன். உண்மையில் கோபம் உன்மேல் பாதிதான். நீ கூடாது என்று எழுதினபோது எனக்குள்ளே ஒரு சந்தோஷம் வந்ததே, அதை நீ எழுதித் தரவில்லை. சீக்கிரம் மெலிய எனக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது. மிஸ்ஸின் வாயை அடைக்க ஒரு மடத்துக்காரியின் சொல் வேண்டியிருந்தது.

பாதரிடம் மாமிதான் என்னைக் கூட்டிப் போனா, முச்சக்கர வண்டியில், நடக்க விடாமல். பாதர் முழுவதையும் கேட்டார். "நடக்கிறதை நட. அது அன்னம்மாளுக்கு. நடந்ததுக்கு உரிய சாப்பாட்டைச் சாப்பிடு. இனி அந்தச் சாப்பாடுதான் உன்ர ஒறுத்தல்" என்றார். நான் மனதுக்குள் சிரித்தேன், இது என்ன ஒறுத்தல், விருந்தல்லவா என்று.

விருந்து இல்லை. கேள். தம்பி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். மெஷினுக்குப் போவேன், ஆனால் அக்கா சாப்பிடுகிறதை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பேரம் பேசி வந்தான். நான் நடந்து வந்தவுடன் கையைப் பிடித்து மணிக்கூட்டைப் பார்க்கிறான். அதில் பாதியைக் கணக்குப் பார்த்து, தானே குசினிக்குள் போகிறான். முட்டை அவிக்கிறான். அறக்குளா மீன் துண்டு பொரிக்கிறான். வாழைப்பழம் உரிக்கிறான். கிட்னி பழுதான அவனுக்கு வாழைப்பழம் விஷம் மாதிரி, தெரியும்தானே. உப்பு கூடாது, கருவாடு கூடாது, தண்ணீர் கூட ஒரு போத்தலில் அளந்துதான் நாள் முழுக்க. அப்படிப்பட்டவன் மீன் பொரிகிற மணத்துக்குள் நின்று எனக்குப் பொரிக்கிறான். கோப்பையை நீட்டி, "இந்தா, நடந்த பங்கு" என்கிறான். முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, கடைசி வாய் வரைக்கும் பார்க்கிறான்.

முதல் நாள் என்னால் விழுங்க முடியவில்லை. அவன் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு, "சாப்பிடு அக்கா, ருசியா இருக்கா எண்டு சொல்லு" என்றான். உப்பை ருசி பார்த்துப் போட அவனால் ஏலாது, அதனால் கேட்கிறான். கொஞ்சம் கரித்தது. நல்லாயிருக்கு என்றேன். பட்டினி கிடந்தது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

போன கிழமை கிளினிக். சலம் சுத்தம். கிட்னிக் கணக்கு இறங்கிவிட்டது. எனக்கு மாதமும் வந்துவிட்டது. நிறை, சாப்பிடச் சாப்பிட, மெதுவாய் இறங்குகிறது. நம்பமாட்டாய். டொக்டர் இன்னும் திகதி தரவில்லை, இன்னும் இரண்டு தரம் பார்க்க வேண்டுமாம். தம்பியின் கை நரம்பு ஒரு பக்கம் அடைத்துவிட்டது, மெஷினுக்கென்று கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். என் திகதியா, அவன் நரம்பா, எது முந்தும் என்று தெரியாமல் ஒவ்வொரு நாளும் எழும்புகிறேன்.

நீ தேநீர் குடி. வெறும் வயிற்றில் உன் கடிதம் கோணலாய் வருகிறது.

அக்கா


கொழும்பு, ஆஸ்பத்திரி
2017 ஓகஸ்ட் 8

தங்கச்சி,

நாளைக் காலை. திடீரென்று திகதி தந்துவிட்டார்கள், உனக்கு முன்னமே எழுத நேரமில்லை. உன் அத்தான் மதருக்குப் போன் எடுத்துச் சொல்லுவார், இந்தக் கடிதத்தையும் இன்றைக்கே தபாலில் போடுவார்.

அவர்கள் சொன்ன நிறைக்கு ஒரு கிலோ கூடத்தான் இருக்கிறேன். டொக்டர் தராசைப் பார்த்தார், சோதனைத் தாளைப் பார்த்தார், "போதும்" என்றார். நான் திரும்பக் கேட்டேன். "போதும் அம்மா" என்றார்.

பார்வையாளர் நேரத்தில் தம்பி தன் வார்ட்டில் இருந்து வந்து என் கட்டிலில் இருந்தான். மெலிந்துபோனான். பின்னேரத்துக்குப் பிறகு இரண்டு பேருக்கும் சாப்பாடு இல்லை, தண்ணீரும் இல்லை என்று மிஸ்ஸி வந்து சொன்னா. "பசிக்குமா அக்கா?" என்று கேட்டான். ஓம் என்றேன். "எனக்கும்" என்றான். இரண்டு வருஷமாய் அவனும் நானும் ஒரே சாப்பாடு சாப்பிட்டதில்லை. அவன் கோப்பை வேறு, என் கோப்பை வேறு. இன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி, ஒன்றும் இல்லை. அவன் அதைச் சொல்லிச் சிரித்தான். போகும்போது, "இது சரிவந்தா எனக்குத் தண்ணி எவ்வளவு தருவினம்?" என்று கேட்டான். கேட்கிற அளவு தருவினம் என்றேன். எனக்குத் தெரியாது, ஆனாலும் சொன்னேன்.

பயமாய் இருக்கிறது சுஜாந்தி. வெட்டுகிறதுக்குப் பயமில்லை. எடுத்து அவனுக்குள் வைத்த பிறகு அது வேலை செய்யாமல் விட்டால்? மார்ச் மாதத்தில் நான் அதற்குச் செய்த கொடுமை அதற்கு நினைவிருந்தால்? டொக்டரிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்றார். ஆனாலும் அவர் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார், அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

உன்னை எனக்குத் தெரியும். போன் வந்தவுடனே எங்களுக்காகச் சாப்பிடாமல் ஒருசந்தி இருக்கிறேன் என்று மதரிடம் போய் நிற்பாய். இருக்காதே. காலையில் பாண் தந்தால் பாணைச் சாப்பிடு, தேநீருக்குச் சீனி போட்டுக் குடி. அதன் பிறகு கோயிலுக்குப் போய் ஜெபி. எங்கள் மூன்று பேரில் ஒரு ஆளாவது நாளைக்குச் சாப்பிட்டிருக்க வேண்டும்.

அக்கா